பச்சைக் கட்சிக்காரரின் டிரைவர்

கார்மேகம் கமுதிப் பக்கத்துக்காரர். குவைத்தில் ஒரு பார்லிமெண்ட் மெம்பருக்குக் கார் ஓட்டினார். ஃபர்வானியாவில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து எடுத்திருந்த ரூமுக்கு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட வருவார். வரும்போது மீன் வாங்கி வருவார். குழம்பை அவரே வைப்பார். அடுப்படியில் நின்றபடி அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டதுதான் இது.

முதலாளியின் வாயில் கார்மேகம் என்ற பெயர் நுழையவில்லை. முதல் வாரமே ‘கரீம்’ ஆக்கிவிட்டார். அந்த முதலாளியை ஊரே அபூ ஃபைசல் என்று கூப்பிட்டது. அவர் வீட்டில் வேலை செய்கிறவர்கள் மட்டும் பாபா என்பார்கள். கல்லூரியில் வேதியியல் வாத்தியாராக இருந்தவர். கடலில் மீன் செத்து மிதந்த ஒரு வருடம் தெருத் தெருவாகப் பேசப் போய், பேசிப் பேசியே பெயர் எடுத்து, 2006 தேர்தலில் ஜெயித்துவிட்டார்.

குவைத்தில் கட்சி என்று எதுவும் கிடையாது. ஆனால் அபூ ஃபைசலும் அவரைப் போன்ற இன்னும் இரண்டு மெம்பர்களும் சட்டையில் ஒரு சின்னப் பச்சை ரிப்பனைக் குத்திக்கொண்டுதான் மஜ்லிஸுக்குள், அதாவது பார்லிமெண்டுக்குள், போவார்கள். அதனால் வெளியே கார் நிறுத்துமிடத்தில் காத்திருக்கும் டிரைவர்கள் அவர்களுக்குப் பச்சைக் கட்சி என்று பேர் வைத்துவிட்டார்கள். கார்மேகம் போய் நின்றால், “வாங்க பாய், பச்சைக் கட்சி வந்தாச்சு. இன்னைக்கு உங்க ஆளு எந்தக் கம்பெனியை மூடச் சொல்றாரு?” என்று இந்தியில் ஓட்டுவார்கள். கார்மேகமும் சேர்ந்து சிரிப்பார். அவருக்கு டியூட்டி கார் ஓட்டுவது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பதில் அவருக்கு அக்கறை இருந்ததில்லை.

உள்ளே அவர்கள் ஒரு மசோதா கொண்டுவந்து கேட்டது இதுதான். வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் புகைபோக்கிகளைத் தள்ளி வையுங்கள். காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதை அளந்து ஜனங்களுக்குச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்கும் சட்டத்தில் இடம் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வந்த பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு விடுங்கள். கடைசிக் கோரிக்கைக்கு அபூ ஃபைசலின் சொந்தத் தங்கையே வீடு தேடி வந்து சண்டை போட்டாள். “வெள்ளிக்கிழமை விருந்தாளி வந்தா நீ வந்து பாத்திரம் கழுவுறியா?” என்று அவள் கத்தியது வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்த கார்மேகத்துக்கே கேட்டது.

இப்படியே போயிருந்தால் கார்மேகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது.

2007-ஆம் வருடக் கோடையில் மங்காஃபைத் தாண்டித் தெற்கே இருந்த ஒரு சிற்றூரிலிருந்து தாய்மார்கள் அபூ ஃபைசலைத் தேடி வந்தார்கள். ஊரை ஒட்டி ஒரு கம்பெனி. பழைய கார் பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி எடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுவலி, முகமெல்லாம் வெளுத்துப் போகிறது, ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஈயம் என்கிறார்கள். அதன் பிறகு கார் ஓடும் நேரமெல்லாம் அபூ ஃபைசல் பின்சீட்டில் போனில் அதையேதான் பேசினார். ரஸாஸ், ரஸாஸ் என்ற சொல் கார்மேகத்தின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது கேட்டார்.

“பாபா, ரஸாஸ்னா என்ன?”

“ஈயம். உடம்புக்குள்ள போனா விஷம். குழந்தைக்கு மூளை மந்தமாகும். பெரியவங்களுக்கு வயித்த முறுக்கும், ரத்தம் செத்துப்போகும். கடைசியில கை தொங்கிப்போகும். மணிக்கட்டைத் தூக்க முடியாது.”

சிக்னல் பச்சை விழுந்தது. கார்மேகம் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“யல்லா கரீம், என்ன ஆச்சு?”

“பாபா, எங்க மச்சானுக்கு அப்படித்தான் இருக்கு. அந்தக் கம்பெனியிலதான் வேல பாக்குறான்.”

மச்சான் என்றது ராமையாவை. கார்மேகத்தின் பெரியம்மா மகள் கருப்பாயியின் புருஷன். இரண்டு வருடம் முன்னால் ஏஜெண்ட் மூலமாக வந்தவன். ஊரில் கிணறு வெட்டப் போன ஆள், தோளும் கையும் உருண்டு திரண்டிருக்கும். இப்போது அந்த ஆள் எங்கள் ரூமுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, வாயைத் தட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவான். கம்பெனி ஆட்கள் தங்கும் காம்பில் இருந்த மருந்தாளுநர் வலி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்களும் வாதம் என்றுதான் நினைத்தோம். ஒருவன் தைலம்கூட வாங்கிக் கொடுத்தான்.

அபூ ஃபைசல் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். “அந்த ஆளுங்க எங்க தங்குறாங்க?”

“உள்ளேயேதான் பாபா. சுவத்துக்கு அந்தப் பக்கம் உலை, இந்தப் பக்கம் கட்டில்.”

அவர் கையிலிருந்த போனைச் சீட்டில் வைத்தார். பிறகு, “ஊர்க்காரப் பிள்ளைங்களைப் பத்தி ஆறு மாசமா பேசுறேன். உள்ள மனுஷன் படுத்திருக்கான்னு ஒருத்தனும் எனக்குச் சொல்லல. நானும் கேக்கல” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரே காம்புக்குப் போனார். ரிப்பனும் இல்லை, கூட ஆட்களும் இல்லை. கார்மேகம் முன்னால் போக, அவர் பின்னால் குனிந்து அந்த ரூமுக்குள் நுழைந்தார். இரும்புக் கட்டில்கள், மேலே ஒரு அடுக்கு, கீழே ஒரு அடுக்கு. ஜன்னலில் துணியைச் செருகியிருந்தார்கள். அப்படியும் கட்டில் கம்பியில் விரலை வைத்தால் சாம்பல் ஒட்டியது. அரபி உடுப்பில் ஒருவர் வந்து நின்றதும் ஆளாளுக்கு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். என்ன கேட்டாலும், “நல்லாருக்கோம் சார்” என்றார்கள்.

யாரோ டீ கொண்டுவந்தார்கள். அபூ ஃபைசல் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு, ராமையாவையும் எடுக்கச் சொன்னார். ராமையா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். கைகள் வந்தன, விரல்கள் வரவில்லை. மணிக்கட்டிலிருந்து கீழே துணி மாதிரித் தொங்கின. அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

அபூ ஃபைசல் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். இன்னும் எத்தனை பேருக்கு இப்படி என்று கேட்டார். ஒருவன் கையை நீட்டினான். அவனைப் பார்த்து இன்னொருவன். பத்துப் பதினைந்து பேர் இருக்கும்.

“அவரு வெளிய சொல்றதுனா சொல்லட்டும் மச்சான்,” என்றான் ராமையா, வெளியே வரும்போது. “ஆனா எம்பேரு மட்டும் வேணாம்னு சொல்லு. கஃபீல் காதுக்குப் போச்சுன்னா தொலஞ்சோம்.”

கஃபீல் என்றால் விசா எடுத்துக் கொடுத்த முதலாளி. கார்மேகம் அதை அரபியில் சொன்னார். அபூ ஃபைசல் நெஞ்சில் கை வைத்து, பேரைச் சொல்ல மாட்டேன் என்றார். அவர் வாக்கு மாறவில்லை. மஜ்லிஸில் கடைசி வரைக்கும் ஒரு பெயரும் சொல்லவில்லை.

அவர் பேசிய அன்று கார்மேகத்துக்கும் பாஸ் வாங்கிக் கொடுத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கடலோரத்தில் கூடாரம் மாதிரிக் கூரை போட்ட அந்தக் கட்டடத்தை கார்மேகம் அதுவரை வெளியிலிருந்துதான் பார்த்திருந்தார். மாடத்தில் மேல் வரிசையில் போய் உட்கார்ந்தார். பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. மெம்பர்கள் எழுந்து வெளியே போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

அபூ ஃபைசல் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோது எல்லாரும் கேட்டார்கள். ஒரு வயசாளி மெம்பர் மேசையைக்கூடத் தட்டினார். பிறகு அவர் சொன்னார்: “அந்தச் சுவருக்கு உள்ளேயும் மனிதர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குப் புகை காற்றில் வருகிறது. அவர்களுக்கு அது கட்டிலுக்கே வருகிறது. அவர்களுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், காம்பை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், வைத்தியம் பார்க்காமல் யாரையும் ஊருக்கு அனுப்பக் கூடாது. இந்த மூன்றையும் மசோதாவில் சேர்க்கச் சொல்கிறேன்.” பச்சை ரிப்பன் குத்திய மற்ற இருவரும் எழுந்து நின்று ஆதரித்தார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு மெம்பர் இருந்த இடத்திலேயே கேட்டார்: “உங்களுக்கு ஓட்டுப் போட்டது குவைத்திகளா, இந்தியாக்காரர்களா?”

சிரிப்பு எழுந்தது. பெரிய சிரிப்பு இல்லை. ஆனால் அதற்கு மேல் அபூ ஃபைசல் பேசியது எடுபடவில்லை. அவர் நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் மணியடித்தார். ஒரு குழு நேரில் போய்ப் பார்க்கும் என்று மந்திரி சொன்னார். அத்துடன் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

“நான் பாபாவையே பாத்துக்கிட்டு இருந்தேன்,” என்றார் கார்மேகம் எங்களிடம். “உக்காந்து தண்ணி குடிச்சாரு. அவ்வளவு பெரிய மனுஷன், பள்ளிக்கூடத்துல வாத்தியார் உக்கார வச்ச பையன் மாதிரி இருந்தாரு.”

அந்த வாரம் முடிவதற்குள் ராமையாவிடமிருந்து போன் வந்தது. பகல் வேளை. அபூ ஃபைசல் காரில் இருந்தார்.

“மச்சான், ஏர்போர்ட்ல இருக்கேன். காலையில வேன்ல ஏத்துனாய்ங்க. கை சரியில்லாத எல்லாத்துக்கும் விசாவ கேன்சல் பண்ணிட்டாய்ங்க. டிக்கெட்டு போட்டுக் கையில குடுத்துட்டாய்ங்க.”

யார் பேரையும் கம்பெனி கேட்கவே இல்லை. எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். தூக்க முடியாதவனெல்லாம் வேனில் ஏறு என்றிருக்கிறார்கள்.

கார்மேகம் வண்டியைத் திருப்பினார். வழி முழுக்க அபூ ஃபைசல் போனிலேயே இருந்தார். தெரிந்த அதிகாரியைப் பிடித்தார். மந்திரி ஆபீஸைப் பிடித்தார். எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். விசா கஃபீலுடையது, அவர் கேன்சல் செய்தால் யாரும் தடுக்க முடியாது என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அந்தக் கஃபீலுக்கே போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

ஏர்போர்ட்டில் ராமையா ஒரு தூண் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். பையின் வாரைக் கழுத்தில் மாட்டியிருந்தான். மற்றவர்களும் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். காலில் நல்ல செருப்புப் போட்ட ஒரு அரபி, பார்லிமெண்ட் மெம்பர், வந்து அந்தத் தரையில் அவன் பக்கத்தில் குந்தினார். போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

“கரீம், அவரைப் போக வேண்டாம்னு சொல்லு. குழு வரப்போகுது. இவங்க கையைத்தான் அவங்க பாக்கணும். இவங்க போயிட்டா நான் எதைக் காட்டுறது?”

கார்மேகம் சொன்னார். ராமையா யோசித்தான்.

“இருக்கேன் மச்சான். ஆனா எங்கன இருக்க? காம்புக்குள்ள விட மாட்டாய்ங்க. விசா இல்லாம ரோட்டுல நின்னா போலீஸ் பிடிப்பான். வேல செய்யக் கை இல்ல. பாபாட்ட கேளு, நான் எங்கன இருக்கட்டும்னு.”

கார்மேகம் அதையும் சொன்னார். அபூ ஃபைசல் கணக்குப் போட்டுப் பார்த்தார். தன் பேருக்கு விசாவை மாற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் பழைய கஃபீல் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போனையே எடுக்கவில்லை. தன் வீட்டில் ஒளித்து வைத்தால், சட்டம் செய்கிற மெம்பரே சட்டத்தை மீறினார் என்று நாளைக்கே பேப்பரில் வரும். மசோதாவும் அதோடு முடிந்துவிடும்.

விமானத்துக்கு அறிவிப்புச் சொன்னார்கள். ராமையா எழுந்திருக்க முடியாமல் முழங்கையைத் தரையில் ஊன்றினான். ஒரு பக்கம் கார்மேகமும் மறுபக்கம் அபூ ஃபைசலும் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள்.

“பாபாவைக் கவலப்பட வேணாம்னு சொல்லு மச்சான். அவரு கேட்டுப் பாத்தாரு. எனக்காக யாரு கேட்டா இதுக்கு முன்ன?”

இதை மட்டும் கார்மேகம் மொழிபெயர்க்கவில்லை. ராமையாவின் கழுத்தில் பையின் வாரைச் சரியாக மாட்டிவிட்டார்.

குழு ஒரு மாதம் கழித்துப் போனது. அபூ ஃபைசலும் போனார். தரையெல்லாம் கழுவி விட்டிருந்தார்கள். கட்டிலுக்குப் புது மெத்தை. உலைப் பக்கம் நின்றவர்கள் எல்லாரும் புது முகமூடி போட்டிருந்தார்கள். எல்லாருமே புது ஆட்கள், பத்து நாள் முன்னால் நேபாளத்திலிருந்து வந்து இறங்கியவர்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சுத்தமான ரத்தம். பழைய ஆட்கள் எங்கே என்று அபூ ஃபைசல் கேட்டதற்கு, ஒப்பந்தம் முடிந்து சந்தோஷமாக ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார் மேனேஜர். பேரீச்சம்பழமும் காவா என்கிற அரபிக் காப்பியும் கொடுத்து உபசரித்தார்கள்.

“பாபாவைக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வந்தேன். வீட்டு வாசல்ல எறங்கிட்டு, ‘கரீம், நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அவங்க இன்னும் இங்கதான் இருந்திருப்பாங்க, இல்ல?’ன்னு கேட்டாரு. இருந்திருப்பாய்ங்க பாபா, ஆனா செத்திருப்பாய்ங்கன்னு சொல்லணும்னு நெனச்சேன். எனக்கு அரபியில அவ்வளவு வராது. தெரியாதுங்குறதுக்கு மாலும் நஹின்னு கையை விரிச்சேன். அது இந்தின்னுகூட எனக்குத் தோணல.”

மசோதா கமிட்டிக்குப் போனது. முதலில் வீட்டு வேலைப் பெண்களின் வார லீவை எடுத்தார்கள். அடுத்து காம்பை மாற்றும் பகுதியை எடுத்தார்கள். மிச்சமாவது நிற்கட்டும் என்று அபூ ஃபைசல் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார். புகையை அளக்கும் கருவி வைப்பது மட்டும் மிஞ்சியது. அது ஓட்டுக்கு வருவதற்குள், 2008 மார்ச்சில் மஜ்லிஸையே கலைத்துவிட்டார்கள். காரணம் வேறு. இதைப் பற்றி யாருக்கும் நினைவுகூட இல்லை.

மே மாதத் தேர்தலில் அபூ ஃபைசல் மறுபடி நின்றார். பச்சைத் துணியில் கூடாரம் போட்டார். கார்மேகம் ராத்திரி பகலாக வண்டி ஓட்டினார். அந்தச் சிற்றூரில் கூட்டத்துக்கு ஆளே வரவில்லை. தேடி வந்த தாய்மார்களின் வீட்டு ஆண்களுக்குக் கம்பெனியில் ஆபீஸ் வேலை கிடைத்திருந்தது. தோற்றுப்போனார். மற்ற இரண்டு பச்சை ரிப்பன்காரர்களில் ஒருவர் நிற்கவே இல்லை. இன்னொருவர் ரிப்பனைக் கழற்றிவிட்டு நின்று ஜெயித்தார்.

ஊரில் ராமையாவுக்கு மதுரையில் வைத்தியம் பார்த்தார்கள். வயிற்றுவலி நின்றது. கை திரும்பவில்லை. சட்டைப் பொத்தானைக்கூடக் கருப்பாயிதான் போட்டுவிட வேண்டியிருந்தது. அவள் மாதம் ஒரு முறை கார்மேகத்துக்குப் போன் செய்வாள். “அந்தப் பெரியவரு கேட்டுக்கிட்டுதான இருக்காரு? ஏதாச்சும் செய்வாருல்லண்ணே?” என்பாள். மஜ்லிஸ் கலைந்ததை, தேர்தலில் தோற்றதை, அவர் இப்போது எதையும் கேட்கக்கூடிய இடத்தில் இல்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “கேக்குறாரும்மா” என்றே கார்மேகம் சொல்லி வந்தார். கடைசியில் ஒரு நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

கருப்பாயி அழவில்லை.

“அப்ப எனக்கு ஒரு விசா கெடைக்குமாண்ணே? வீட்டு வேலைக்கு. அவுக வீட்டுலயே கெடச்சாலும் சரி. இவுகள எங்கம்மா பாத்துக்கிரும். நான் வந்தாத்தான் இங்க அடுப்பெரியும்.”

அன்று ரூமுக்கு வந்த கார்மேகம் மீன் வாங்கி வரவில்லை. “இங்க இருந்துதான அவன் அப்படிப் போனான். அதே ஊருக்கு இவ வரேங்குறா. வராதன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியத இருக்கு? நான் என்ன, சோறா போடுறேன்?” என்றார்.

அபூ ஃபைசலிடம் கேட்டபோது அவர் முதலில் முடியாது என்றார். அந்தப் பெண்ணின் கணவனுக்கு நடந்தது தெரிந்தும் அவளை என் வீட்டில் பாத்திரம் கழுவ வைப்பதா என்றார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, பாஸ்போர்ட் நகலை வாங்கி அனுப்பச் சொன்னார். இங்கே வராவிட்டால் முகம் தெரியாத வேறொரு வீட்டுக்குத்தான் அவள் போவாள் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

கருப்பாயி அந்த வருடக் கடைசியில் வந்தாள். வழக்கம்போல் வீட்டம்மா பாஸ்போர்ட்டை வாங்கி உள்ளே வைத்தார். அபூ ஃபைசல் அதை எடுத்து வந்து கருப்பாயி கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை உனக்கு வேலை இல்லை, லீவு என்று கார்மேகத்தை வைத்துச் சொல்லச் சொன்னார். கருப்பாயி பயந்துபோனாள்.

“ஏண்ணே, நான் செய்யுற வேல பிடிக்கலையா?”

“அது இல்லம்மா. எல்லாருக்கும் வாரத்துல ஒரு நாள் வேணும்னு அவரு நெனைக்கிறாரு.”

“வெள்ளிக்கெழம நான் எங்கண்ணே போறது? ரூமுக்குள்ள தனியா உக்காந்தா ஊரு நெனப்பு வந்துரும். நான் பாட்டுக்கு அடுப்படியில இருந்துக்கிறேன்னு சொல்லுங்க.”

அபூ ஃபைசல் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்கச் சொன்னார்.

“ஒண்ணும் வேணாம்னு சொல்லுங்கண்ணே. வேல குடுத்ததே பெரிய புண்ணியம்னு சொல்லுங்க.”

கார்மேகம் முதல் பாதியை மட்டும் சொன்னார். அபூ ஃபைசல் தலையாட்டினார். கருப்பாயி சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள்.